விமானம் இறங்காத நாட்டில் ஒரு சகோதரப் பங்கு

2024 நவம்பர் 11 அன்று, ஹெய்ட்டி நாட்டின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸில் தரையிறங்க முயன்ற அமெரிக்கப் பயணிகள் விமானம் ஒன்றின்மீது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. விமானப் பணியாளர் ஒருவர் காயமடைந்தார். மறுநாளே அமெரிக்க விமானங்கள் ஹெய்ட்டிக்குப் பறப்பதற்கு அந்நாட்டு அரசு தடை விதித்தது. தலைநகருக்கான தடை பின்னர் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது.

வணிகர்களும் உறவினர்களும் இதனால் பாதிக்கப்பட்டார்கள். அதிகம் பேசப்படாத இன்னொரு கூட்டமும் பாதிக்கப்பட்டது. ஆண்டுதோறும் பத்துப் பதினைந்து பேராகக் கிளம்பி, ஹெய்ட்டியின் மலைக் கிராமம் ஒன்றில் ஒரு வாரம் தங்கி, அங்குள்ள பங்கு மக்களோடு திருப்பலியில் கலந்துகொண்டு திரும்பிய அமெரிக்கக் கத்தோலிக்கப் பங்குகளே அந்தக் கூட்டம். போய்வருவதையே உறவின் உயிராகக் கருதியிருந்த இந்தப் பங்குகள் போக முடியாத நிலையில் என்ன செய்கின்றன? பேரிடர் உதவி பற்றி நாம் பேசும் பல நல்ல வார்த்தைகளை இந்தக் கேள்வி உரசிப் பார்க்கிறது.

முதலில் இந்த ஏற்பாட்டைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரிலிருந்து 1978 முதல் செயல்பட்டுவரும் ஒரு திட்டம், அமெரிக்கப் பங்குகளை ஹெய்ட்டியின் பங்குகளோடு சகோதரப் பங்குகளாக இணைத்துவைக்கிறது. விர்ஜீனியாவின் ரிச்மண்ட் மறைமாவட்டம் 1980-களிலிருந்து ஹெய்ட்டியின் நடு மேட்டுநிலத்திலுள்ள ஹின்ச் மறைமாவட்டத்தோடு இத்தகைய உறவு வைத்திருக்கிறது. இவ்வுறவின் அன்றாட வேலை பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். ஹெய்ட்டியில் அரசுப் பள்ளிகள் மிகக் குறைவு. பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது திருஅவையும் பிறரும் தனியாரும் நடத்தும் பள்ளிகளில். ஆசிரியருக்குச் சம்பளம், பிள்ளைகளுக்கு மதிய உணவு, ஒரு கிணறு, ஒரு மருந்தகம் ஆகியவற்றுக்காக ஞாயிறு காணிக்கையிலிருந்து ஒரு பங்கு ஒதுக்கப்படும். செய்தித்தாளில் இடம்பிடிக்கிற காரியமன்று.

2010 ஜனவரி 12 மாலையில் நிலம் நடுங்கியபோது இந்த எளிய உறவுகளின் மதிப்பு தெரிந்தது. ரிக்டர் அளவில் 7-ஐத் தொட்ட அந்த நிலநடுக்கத்தில் தலைநகரின் பேராலயம் இடிந்தது. பேராயர் ஜோசப் செர்ஜ் மியோ உயிரிழந்தார். பயிற்சியிலிருந்த குருமாணவர்கள் பலர் இடிபாடுகளில் மாண்டனர். இறந்தோர் 3 லட்சத்துக்கும் அதிகம் என்றது அரசு. வேறு ஆய்வுகள் அதைவிட மிகக் குறைவாகச் சொல்லின. லட்சக்கணக்கானோர் தலைநகரை விட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். நடு மேட்டுநிலத்தின் பங்குகள் அவர்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டன. ஏற்கெனவே ஏழைகளான வீடுகளில் உண்போர் எண்ணிக்கை ஒரே வாரத்தில் பெருகியது. அங்கே எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், எந்தப் பள்ளியில் அரிசி தீர்ந்துவிட்டது என்பதைச் சகோதரப் பங்கு பங்குத்தந்தையிடமே தொலைபேசியில் கேட்டுக்கொள்ள முடிந்தது. அதற்காக எந்த நிறுவனமும் கணக்கெடுப்புக்கு வரத் தேவையிருக்கவில்லை.

பெரிய பணமோ வேறு வழியில் போனது. ஐ.நா. சிறப்புத் தூதரின் அலுவலகம் கணக்குப் பார்த்தபோது, அரசுகளும் பன்னாட்டு அமைப்புகளும் தந்த அவசர நிவாரண நிதியில் சுமார் 1 விழுக்காடே ஹெய்ட்டி அரசின் கைக்குச் சென்றிருந்தது. மிச்சம் பெரும்பாலும் கொடுத்தவர்களின் நாட்டு அமைப்புகள், ஒப்பந்தக்காரர்கள், ஐ.நா. நிறுவனங்கள் வழியாகவே செலவானது. அரசின் ஊழல்தான் இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஓர் அரசுக்கு எதையுமே கொடுக்காமல் அது கற்றுக்கொள்ளவில்லை என்று குறைகூறுவதும் நியாயமன்று.

பொருளாக வரும் உதவியின் கதை இன்னும் சிக்கலானது. 1990-களின் நடுவில் ஹெய்ட்டியில் அரிசிக்கான இறக்குமதித் தீர்வை 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்க அரிசி மலிவாகக் குவிந்தது. அர்த்திபொனித் பள்ளத்தாக்கின் நெல் விவசாயி வீழ்ந்தார். தாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது ஆதரித்த அந்தக் கொள்கை தவறு என்று 2010 மார்ச்சில் பில் கிளிண்டன் அமெரிக்க செனட் குழுவின்முன் ஒப்புக்கொண்டார். அமெரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிக்கு ஹெய்ட்டி மக்கள் 'பெப்பே' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். அது வந்து உள்ளூர்த் தையற்காரர்களின் பிழைப்பைக் கெடுத்தது. நமக்கும் இது புதிதல்ல. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் மலையாகக் குவிந்துகிடந்த பழைய துணிகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். வாங்குகிறவருக்கும் தன்மானம் உண்டு என்பதை அந்தக் குவியலைக் கடந்துபோன மீனவப் பெண்களின் முகங்களே சொல்லின.

இனி ஹெய்ட்டியில் சரியாக நடந்த ஒன்றைப் பார்ப்போம். ஹின்ச் மறைமாவட்டம் அமைந்த அதே மேட்டுநிலத்தில் காஞ்ச் என்றோர் ஊர் உண்டு. 1956-இல் பெலிக்ர் அணை கட்டி முடிக்கப்பட்டபோது, ஆற்றங்கரை வயல்களை இழந்து மலைமேல் ஏறிய விவசாயிகளின் ஊர் அது. அணையின் மின்சாரம் அவர்களுக்கு வரவில்லை. தண்ணீருக்கோ செங்குத்தான சரிவில் இறங்கி, குடத்தைத் தலையில் சுமந்து ஏறவேண்டும். அங்கே பணியாற்றிய ஆங்கிலிக்கக் குருவான ஃப்ரிட்ஸ் லஃபோந்தான் ஒரு ஹெய்ட்டியர். 1980-களில் அமெரிக்காவின் தென் கரோலினாவிலிருந்த அவரது சபையினர் பொறியாளர்களை அனுப்பி, கீழேயிருந்த நீரை மேலேற்றிக் குழாய்களில் ஊருக்குள் கொண்டுவந்தார்கள். பின்னாளில் டாக்டர் பால் ஃபார்மர் உலகறிந்த மருத்துவப் பணியை அங்கு வளர்த்தபோது, அந்தத் தண்ணீர்தான் அதற்கு அடித்தளமாயிருந்தது.

இங்கே கவனிக்கவேண்டியது குழாயை அல்ல, வரிசையை. கேட்டவர் உள்ளூர்க்காரர். தேவையைச் சொன்னவர்கள் குடம் சுமந்தவர்கள். வெளிநாட்டவர் கொண்டுவந்தது உள்ளூரில் இல்லாத ஒரு திறமையை. மண்வெட்டி பிடிக்க அங்கே ஆட்கள் இருந்தார்கள். இதை வைத்துப் பார்க்கும்போது, பல பங்குகளின் பயணங்கள் எனக்குச் சங்கடத்தைத் தருகின்றன. பதினைந்து பேரின் விமானக் கட்டணத்தில் ஒரு கிராமப் பள்ளியின் ஆசிரியர்கள் பலருக்கு நீண்டகாலம் சம்பளம் கொடுக்கலாம். சுவருக்கு வர்ணம் பூச உள்ளூரில் வேலையின்றி நிற்கும் கொத்தனாருக்குத் தெரியாதா? ஆயினும் பயணங்களை முற்றிலும் வீண் என்று தள்ளவும் முடியவில்லை. ஒரு பிள்ளையின் பெயரைத் தெரிந்துகொண்டு வந்தவர்தான், தொலைக்காட்சி ஹெய்ட்டியை மறந்த பத்தாம் ஆண்டிலும் உண்டியலில் காசு போடுகிறார்.

நல்லெண்ணத்தோடு போகிறவர் எதைச் சுமந்துசெல்கிறார் என்பதும் ஒரு கேள்வி. 2010 அக்டோபரில், இதே மேட்டுநிலத்தின் மிர்பலே நகருக்கு அருகிலிருந்த ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து, அந்நாட்டில் அதுவரை பதிவாகாத காலராவைப் பரப்பியது. 8 லட்சத்துக்கும் அதிகமானோர் நோயுற்றனர். சுமார் 10,000 பேர் இறந்தனர். ஐ.நா. பொதுச்செயலர் பான் கி-மூன் ஹெய்ட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில்தான்.

காலராவைப் பற்றிப் பேசும்போது ஒரு பெண்மணியை நினைக்காமல் இருக்க முடியாது. பிரேசில் நாட்டுக் குழந்தை மருத்துவர் சில்டா ஆர்ன்ஸ், கர்தினால் பவுலோ எவரிஸ்தோ ஆர்ன்ஸின் தங்கை. 1983-இல் அவர் தொடங்கிய குழந்தைகள் மேய்ப்புப்பணி, பங்கிலுள்ள தாய்மார்களுக்கே பயிற்சி தந்தது. அவர்கள் பக்கத்து வீட்டுக் குழந்தைகளை எடைபோட்டார்கள். வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டிலிருக்கும் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இந்த முறையை ஹெய்ட்டித் துறவியருக்கு எடுத்துச்சொல்ல வந்திருந்தபோதுதான், 2010 ஜனவரி 12 அன்று போர்ட்-ஓ-பிரின்ஸில் கட்டடம் இடிந்து அவர் இறந்தார். அவர் கொண்டுவந்தது பொருளன்று, உள்ளூர்த் தாய்மார்கள் தாங்களே செய்யக்கூடிய ஒரு வழி. ஒன்பது மாதம் கழித்து அந்நாட்டுக்கு மிகவும் தேவைப்பட்டது அதே உப்புச் சர்க்கரை நீர்.

திருத்தூதர் பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்து மக்களிடம் நிதி திரட்டியதை நாம் அறிவோம். இரண்டாம் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில் அவர் இரக்கத்தைவிடச் சமநிலையைப் பற்றியே அதிகம் கவலைப்படுகிறார். இன்று உங்களிடமுள்ள மிகுதி அவர்களுக்கு, நாளை அவர்களுடையது உங்களுக்கு என்பது அவரது எண்ணம். பணத்தைக் கொண்டுசெல்வோர் யார் என்பதிலும், யாரும் குறைசொல்ல இடமிருக்கக்கூடாது என்பதிலும் அவர் காட்டிய கவனம் இன்றைய கணக்காளரை வெட்கப்படுத்தும். ஒன்று மட்டும் அதில் இல்லை: கொரிந்தியர் எல்லாரும் எருசலேமுக்குப் போய் ஒருவாரம் சுவர் கட்டவேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

இப்போது அந்த மேட்டுநிலம் எப்படி இருக்கிறது? 2025 மார்ச் 31 அன்று ஆயுதக் கும்பல்கள் மிர்பலே நகரைத் தாக்கின. சிறை உடைக்கப்பட்டது. குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் சிறிய சகோதரிகள் என்ற ஹெய்ட்டித் துறவற சபையைச் சேர்ந்த அருட்சகோதரிகள் இருவர் கொல்லப்பட்டனர். 2013-இல் திறக்கப்பட்ட 300 படுக்கைகள் கொண்ட மிர்பலே பல்கலைக்கழக மருத்துவமனை, அடுத்த மாதமே பணியை நிறுத்தவேண்டியதாயிற்று. நாடு முழுவதும் வீடிழந்தோர் 2025 நடுவில் 13 லட்சத்தைத் தொட்டனர். அதே ஆண்டில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை வெட்டியதால், அமெரிக்க ஆயர்களின் கத்தோலிக்க நிவாரணப் பணி அமைப்பும் பெரும் நிதியை இழந்தது. பெரிய குழாய் அடைபட்ட காலத்தில் பங்குகளின் சிறிய காணிக்கைக்கு முன்பில்லாத மதிப்பு வந்திருக்கிறது.

இந்நிலையில் சோதிக்கப்படுவது உறவின் தரம். ஆசிரியர் சம்பளத்தை மாதந்தோறும் அனுப்பி, எங்கே செலவிடுவது என்பதைப் பங்குத்தந்தையிடமும் உள்ளூர்க் குழுவிடமும் விட்டிருந்த பங்குக்கு விமானத் தடையால் பெரிய இழப்பில்லை. கைப்பேசியில் செய்தியும் வகுப்பறையின் படமும் வந்துசேர்ந்தால் போதும். பள்ளி இடம்பெயர்ந்தால் ஆசிரியரோடு சம்பளமும் இடம்பெயரும். ஆண்டுப் பயணத்தையும் அதில் எடுத்த புகைப்படங்களையும் நம்பியிருந்த பங்குக்கோ காட்ட ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. காட்ட ஒன்றுமில்லாத இடத்தில் காணிக்கை குறைவது மனித இயல்புதான். ஆனால் பசி பயணக் காலத்தைப் பார்த்து வருவதில்லையே.

ஹெய்ட்டிக்குப் போக முடியாத அமெரிக்கப் பங்குகளின் வாசலுக்கு ஹெய்ட்டியே வந்திருப்பது இதன் மறுபக்கம். ஒகையோவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரிலும் அதைச் சுற்றியும் குடியேறியவர்கள் 12,000 முதல் 15,000 வரை இருப்பதாக நகராட்சி மதிப்பிட்டது. பெரும்பாலானோர் ஹெய்ட்டியர். 2024 செப்டம்பரில், அண்டை வீட்டாரின் நாய் பூனைகளை அவர்கள் தின்கிறார்கள் என்ற பொய், அதிபர் தேர்தல் விவாத மேடையிலேயே சொல்லப்பட்டது. வெடிகுண்டு மிரட்டல்களால் பள்ளிகள் மூடப்பட்டன. அந்த வாரங்களிலும் அவ்வூரின் புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் விண்ணப்பப் படிவம் நிரப்பவும் வாடகைக்கும் உணவுக்கும் உதவிக்கொண்டிருந்தார்கள். இம்மக்களுக்கு வழங்கப்பட்டிருந்த தற்காலிகப் பாதுகாப்பை முடிவுக்குக் கொண்டுவர அமெரிக்க அரசு 2025-இல் முடிவெடுத்தது. விவகாரம் நீதிமன்றங்களுக்குச் சென்றது. ஹெய்ட்டிக் கிராமத்துப் பள்ளிக்கு ஆண்டாண்டாகச் சம்பளம் அனுப்பிய அதே மக்கள், அந்தப் பள்ளியில் படித்த ஒருவர் தங்கள் ஊரின் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஞாயிறன்று பக்கத்து இருக்கையில் அமரும்போது, அவரைச் சகோதரர் என்று அழைப்பார்களா என்று பல பங்குத்தந்தையர் இப்போது மறையுரைகளில் கேட்கவேண்டியிருக்கிறது. சில கோவில்களில் அந்தக் கேள்வியைக் கேட்டு எழுந்து போனவர்களும் உண்டு. மொழிபெயர்ப்புக்கு உதவ முன்வந்தவர்களும் உண்டு.