எந்திரத்துக்கு உரிமம், மனிதருக்கு?

எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் எந்திரம் வைக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். கதிர்வீச்சில் வேலை செய்பவருக்கும் வரம்பு உண்டு: ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. அதை அளக்கத்தான் மார்பில் மாட்டும் டிஎல்டி பேட்ஜ்.

ஆனால் அழும் குழந்தையைப் பிடித்துக்கொள்ள, எழ முடியாதவரைத் தூக்கிக் கிடத்த, அந்த அறைக்குள் அனுப்பப்படுவது யார்? ஒப்பந்த உதவியாளர். நம் சேரியிலிருந்து போன தம்பி, அக்கா. பேட்ஜ் இல்லாதவர் உடம்பில் வாங்கிய கதிர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பதிவேட்டில் இல்லாத பாதிப்புக்கு இழப்பீடு எங்கே கேட்பது?

துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது 2000 மணி நேரப் படிப்பையும் மாநிலக் கவுன்சில் பதிவையும் கேட்கிறது. பதிவை நாம் எதிர்க்கவில்லை. பயிற்சியில்லாதவர் எடுக்கும் படத்தால் கெடுவதும் ஏழை நோயாளிதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் கதிருக்கு முன் நின்றவரை, 'தகுதியில்லை' என்று ஒரே நாளில் வெளியே தள்ள விடமாட்டோம். தகுதி என்ற சொல்லை யார், யாருக்கு எதிராக எடுப்பார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

நாம் கேட்பது இதுதான்: அந்த அறையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் பேட்ஜ். கதிர் அளவுப் பதிவின் நகல் அவர் கையில். வேலையில் இருப்பவருக்கு உதவித்தொகையோடு படிப்பு. மாநிலக் கவுன்சிலில் தலித், பழங்குடியினருக்கு இடம்.

எந்திரத்தைச் சோதிக்க வரும் அதிகாரி, பக்கத்தில் நிற்பவரின் பெயரையும் எழுதட்டும்.