கடல் எல்லைக்குக் காவல் யார்?

ராமநாதபுரம் ஜில்லாக்காரர்களுக்கு ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாண்டியர் காலத்துக் கண்மாய் அது. "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று ஜனங்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். நாரைகூட ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாதாம்!

இவ்வளவு பெரிய கண்மாய்க்குக் காவல் எப்படி? மடைக்கு மடை ஆள் போடலாம். ஆனால் ஐப்பசி மழையில், நடுராத்திரியில், கரையில் ஓர் இடத்தில் தண்ணீர் கசிந்தால் முதலில் கூச்சல் போடுகிறவன் யார்? பக்கத்து வயலில் மண்வெட்டியோடு நிற்கிற சம்சாரிதான்.

இந்தக் கண்மாயைவிடப் பல மடங்கு பெரிய நீர்ப்பரப்பு ஒன்று ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. உப்பூர், திருப்பாலைக்குடி, மோர்ப்பண்ணை பக்கம் போனால் கடல் தெரியும். அதுதான் பாக் விரிகுடா. அதன் அக்கரை இலங்கை. நடுவே ஓர் எல்லைக் கோடு போகிறது. கண்ணுக்குத் தெரியாத கோடு! வேலியும் கிடையாது, கல்லும் கிடையாது. இந்த எல்லைக்குக் காவல் யார்?

"எல்லையில் நிற்பது பட்டாளம்தானே?" என்று பலர் நினைக்கிறார்கள். அது முழுதும் சரியல்ல. சண்டை போடுவது பட்டாளத்தின் வேலை. சமாதான காலத்தில் எல்லையைக் காப்பதற்கென்றே தனிப் படைகள் இருக்கின்றன.

கட்ச் பாலைவனம் தந்த பாடம்

1965-ம் ஆண்டு வரை பாகிஸ்தான் எல்லையை அந்தந்த ராஜ்யப் போலீசாரே காத்து வந்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி கட்ச் பகுதியில் நமது காவல் நிலைகளைப் பாகிஸ்தான் படை தாக்கியது. சாதாரணப் போலீஸ் இதற்குப் போதாது என்பது விளங்கிவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி எல்லைப் பாதுகாப்புப் படை பிறந்தது. அதன் முதல் தலைவர் கே.எப்.ரஸ்தம்ஜி என்ற போலீஸ் அதிகாரி.

இன்று அந்தப் படை பாகிஸ்தான், வங்காள தேச எல்லைகளைக் காக்கிறது. சீன எல்லைக்கு இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ். நேபாளம், பூட்டான் எல்லைகளுக்குச் சசஸ்திர சீமா பல். பர்மா எல்லைக்கு அஸ்ஸாம் ரைபிள்ஸ். ஆக, நிலத்துக்குக் காவல் வந்துவிட்டது. கடலுக்கு?

கடலுக்கு ஒரு படை

அந்நாட்களில் கள்ளக்கடத்தல்காரர்களுக்குக் கடல் ராஜபாட்டையாக இருந்தது. தங்கமும் கைக்கடிகாரமும் படகு படகாக வந்து இறங்கின. சுங்க இலாகாவிடம் போதிய படகுகள் இல்லை. கடற்படையைக் கொண்டு கடத்தல்காரனைத் துரத்துவதோ, எலி பிடிக்க யானையை விடுவது போல!

இதற்கு வழி சொல்ல 1974-ல் ஒரு கமிட்டி நியமித்தார்கள். அதன் தலைவரும் அதே ரஸ்தம்ஜிதான். கடலுக்கென்று தனிப் படை வேண்டும் என்று கமிட்டி சொன்னது. 1976-ல் பார்லிமெண்டு கடல் எல்லைச் சட்டம் செய்தது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நமது ஆட்சிக்கு உட்பட்ட கடல். 200 கடல் மைல் வரை மீனும் எண்ணெயும் போன்ற செல்வங்களுக்கு நாமே உரிமையாளர். (ஒரு கடல் மைல் என்பது சுமார் 1.85 கிலோமீட்டர்.) 1977 பிப்ரவரி 1-ந் தேதி, கடற்படை கொடுத்த இரண்டு சிறு போர்க் கப்பல்களோடும் ஐந்து ரோந்துப் படகுகளோடும் இந்தியக் கடலோரக் காவல் படை தொடங்கியது. 1978 ஆகஸ்டில் அதற்குச் சட்ட அந்தஸ்தும் கிடைத்தது.

மூன்று அடுக்குக் காவல்

2008 நவம்பர் 26-ந் தேதி பயங்கரவாதிகள் கடல் வழியாக வந்து பம்பாயில் புகுந்தார்கள். வழியில் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதிலேயே வந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. அதன் பிறகு காவல் மூன்று அடுக்காக இறுக்கப்பட்டது.

முதல் அடுக்கு, தமிழக சர்க்காரின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம். 1994-ல் ஏற்பட்டது. தேவிபட்டினம், தொண்டி ஊர்களில் நாம் பார்க்கும் கடலோரப் போலீஸ் நிலையங்கள் இதைச் சேர்ந்தவை. இரண்டாவது அடுக்கு கடலோரக் காவல் படை. டில்லியில் தலைமை, கிழக்குக் கரைக்குச் சென்னையில் தலைமை, நமக்குப் பக்கத்தில் மண்டபத்தில் நிலையம். மூன்றாவது அடுக்கு கடற்படை. எல்லாவற்றுக்கும் மேற்பொறுப்பு அதனிடமே. உச்சிப்புளியில் 'பருந்து' என்ற விமானத் தளம் அதற்கு உண்டு.

மற்ற இடங்களில் இந்த மூவரும் நூற்றுக்கணக்கான மைல் கடலைப் பங்கிட்டுக் கொள்கிறார்கள். நம் பக்கம் அப்படி முடியுமா? தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 18 மைல்தான். 1974-ல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தப்படி கோடு நடுவே போகிறது. கச்சத்தீவு அந்தப் பக்கம். ஆகவே போலீசும், காவல் படையும், கடற்படையும், அவர்களோடு மீனவர்களும் ஒரே குறுகிய கடலுக்குள் சுற்றி வருகிறார்கள்.

நல்லதும் கெட்டதும்

இவர்கள் செய்கிற நன்மை கொஞ்சமல்ல. 2022 மார்ச் 22-ந் தேதி, இலங்கையில் பஞ்சம் தாளாமல் வந்த ஆறு பேர் தனுஷ்கோடிக்கு அப்பால் ஒரு மணல் திட்டில் தவித்தார்கள். அவர்களுள் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. தண்ணீரிலும் மணலிலும் ஓடும் ஹோவர்கிராப்ட் வண்டியில் போய் அவர்களை மீட்டு வந்தது மண்டபம் காவல் படைதான். 2023-ல் கடத்தல்காரர்கள் மன்னார் வளைகுடாவில் வீசிவிட்டுப் போன தங்கத்தை அதே படையினர் மூழ்கி எடுத்தார்கள். இரண்டு படகுகளில் பிடிபட்டது மொத்தம் 32 கிலோவுக்கு மேல்!

ஆனால் இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும். 2022 அக்டோபர் 21-ந் தேதி விடியற்காலை, பாக் ஜலசந்தி அருகே ஒரு படகை நிற்கச் சொல்லியும் நிற்கவில்லை என்று இந்தியக் கடற்படைக் கப்பல் சுட்டது. குண்டு பட்டவர் எதிரி அல்லர், கடத்தல்காரரும் அல்லர். மயிலாடுதுறை ஜில்லா மீனவர். பல முறை எச்சரித்த பிறகே, விதிமுறைப்படி சுட்டோம் என்றது கடற்படை. ஆனாலும் காக்க வந்த துப்பாக்கி, காக்கப்பட வேண்டியவன் உடம்பிலேயே பட்டுவிட்டதே!

என்ன செய்ய வேண்டும்?

இருட்டில் ஒரு கப்பல் தெரிகிறது. அது நம்முடையதா, அக்கரைக் கப்பலா என்று மீனவனுக்குத் தெரியவில்லை. இலங்கைக் கடற்படையிடம் படகையும் வலையையும் பறிகொடுத்தவர்கள் இந்தக் கரையில் அநேகம் பேர். பயந்தவன் ஓடத்தான் பார்ப்பான். ஓடுகிறவனைக் கண்டால் காவல்காரனுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் "நில்லப்பா, நாங்கள் நம்மவர்கள்!" என்று தமிழில் ஒரு குரல் வந்தால் பாதிப் பயம் அப்போதே தீர்ந்து போகும்.

ஆகவே முதல் காரியம், பாக் விரிகுடாவில் ரோந்து வரும் ஒவ்வொரு கப்பலிலும் கரைப் பாஷை தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். பஞ்சாபிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து நமக்காகக் கண் விழிக்கும் பிள்ளைகளுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். ஆனால் இங்குள்ள நீரோட்டத்தையும் மணல் திட்டுகளையும் அறிந்த பிள்ளைகளும் அவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டாமா?

இரண்டாவது, நம் பிள்ளைகளை இந்தப் படைகளில் சேர்ப்பது. எல்லைப் பாதுகாப்புப் படை போன்ற மத்தியப் போலீஸ் படைகளின் காவலர் தேர்வை 2024 முதல் தமிழிலேயே எழுதலாம். கடலோரக் காவல் படைத் தேர்வுக்கும் அந்தக் கதவைத் திறக்க வேண்டும். அந்தப் படையில் பத்தாவது தேறினவர்களுக்கும் வேலை உண்டு. தாய்மார்களே, கடலுக்குப் போகிறேன் என்று பள்ளியைப் பாதியில் விட நினைக்கும் பையனிடம் இதைச் சொல்லுங்கள். படித்து முடித்தும் கடலுக்குப் போகலாம், சம்பளத்தோடும் சீருடையோடும்!

மூன்றாவது, மீனவர்களுக்கு ஒரு வார்த்தை. நமது கப்பல் நிற்கச் சொன்னால் நின்றுவிடுங்கள். அடையாள அட்டையை மறக்காதீர்கள். புதுப் படகையோ சந்தேகமான ஆளையோ கண்டால் 1093 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். கடலோரப் போலீஸ் எடுக்கும். கடலில் ஆபத்து என்றால் 1554; கடலோரக் காவல் படை எடுக்கும். இந்த எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

மூன்று அடுக்குக் காவல் என்கிறார்கள். என் கணக்கில் அது நான்கு அடுக்கு. சம்சாரியைச் சந்தேகித்து விரட்டிவிட்டால், கண்மாய்க் கரை கசியும் ராத்திரியில் கூச்சல் போட ஆள் இருக்காது. மீனவனை விரட்டினால் கடலுக்கும் அதே கதிதான். அவனைக் காவலின் முதல் கண்ணாக மதிக்க வேண்டும். அப்படி மதித்தால் நாற்பத்தெட்டு மடை என்ன, நாலாயிரம் மடை இருந்தாலும் கரை உடையாது.