கண் மூடும் நோயும் நாகக் குளிசையும்



ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓர் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். “மிஸ், வெயில்ல நின்னா கண்ணு பட்டுனு மூடிக்கிது. திறக்க முடியல. கொழுந்து எங்க தெரியும்?” என்றார். நிறை குறைந்து பல நாள் அரைப்பேர்தான். லயத்தில் சிலர் பேய்க்கோளாறு என்று மந்திரிக்கவும் வைத்தார்கள்.

இது பேயுமல்ல, கண்ணின் பிழையுமல்ல. இமைத் தசைக்கு மூளை தப்பான கட்டளை அனுப்புகிறது. அதனால் கண் தானாக இறுகி மூடுகிறது. நடுவயதுக்குப் பின், பெண்களிடமே கூடுதலாகக் காணப்படுகிறது. வெளிச்சமும் காற்றும் அதைக் கூட்டும். இதற்கு இமையைச் சுற்றிப் போடும் பொட்டுலினம் ஊசியை அமெரிக்கா 1989இல் அங்கீகரித்தது. கெட்டுப்போன உணவில் உண்டாகும் கொடிய நஞ்சுதான், மிகச் சிறிய அளவில் மருந்தாகிறது. ஆனால் மூன்று நான்கு மாதங்களில் அதன் பலன் தேய்ந்துவிடும்.

அக்காவும் கண்டிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பயணமும் நாள் சம்பளத்தையும் பஸ் காசையும் விழுங்கியது. நாகச்சத்து, அதாவது சிங்க் குளிசை எடுத்தால் ஊசி நீண்ட நாள் நிற்கும் என்று யாரோ சொல்ல, பார்மசியில் ஐம்பது மில்லிகிராம் குளிசை வாங்கித் தினமும் இரண்டு விழுங்கியிருக்கிறார். மாதக்கணக்கில்! குமட்டல் வந்தும் கிளினிக்கில் வாய் திறக்கவில்லை. ஏசுவார்கள் என்ற பயம். நம் பெண்களிடம் இந்தப் பயம் நிறைய உண்டு.

அந்தப் பேச்சு முழுப் பொய்யுமல்ல. பொட்டுலினம் வேலை செய்ய நாகம் தேவை. 2012இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் 77 பேர் பங்குபற்றினர். ஊசிக்கு முன் சில நாட்கள் ஐம்பது மில்லிகிராம் நாகமும், அதை உடல் உறிஞ்ச உதவும் ஃபைட்டேஸ் என்ற நொதியமும் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஊசியின் பலன் சுமார் 30 வீதம் நீடித்தது. குறைந்த அளவு நாகம் மட்டும் எடுத்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. ஆய்வு சிறியது. அதை வைத்து எல்லோருக்கும் குளிசை எழுத முடியாது.

அக்கா செய்தது அதுவுமல்ல. வளர்ந்தவருக்கு ஒரு நாளின் மேல்வரம்பு நாற்பது மில்லிகிராம். நெடுநாள் மிஞ்சினால் உடலில் செம்பு குறையும். இரத்தசோகை வரும், கால் மரத்து நடை தடுமாறும். ஏற்கெனவே இரத்தம் குறைந்த பெண்கள் அதிகமுள்ள தோட்டத்தில் இது சின்ன விஷயமா? சில நுண்ணுயிர்கொல்லிக் குளிசைகளையும் நாகம் உறிஞ்ச விடாது.

பருப்பையும் கடலையையும் ஊறவைத்தோ முளைகட்டியோ சமையுங்கள். அவற்றிலுள்ள ஃபைட்டேட் குறைந்து நாகம் உடலில் சேரும். முட்டை, நெத்தலி, இறைச்சி கிடைத்த நாளில் தாய்மாரும் சாப்பிடவேண்டும். பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வது நம் பழைய வழக்கம்.

கடந்த முறை நானும் கூடப் போனேன். குளிசைப் பெட்டியைக் கையிலேயே கொடுத்தார். டொக்டர் ஏசவில்லை. நிறுத்தச் சொல்லி, இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். கண் மறுபடி இறுகத் தொடங்கும் நாளைக் குறித்து வரச் சொன்னார். இப்போது கலண்டரில் மகள் குறிக்கிறாள். அக்கா கறுப்புக் கண்ணாடியோடு மலைக்குப் போகிறார். முதல் வாரம் சிரித்தவர்கள் இப்போது சிரிப்பதில்லை.