முனியாண்டி கோயில் பிள்ளைகளுக்கும் இடம் கொடுங்கள்

கோலசிலாங்கூர், வட சிலாங்கூர் தோட்டக் கோயில் குடும்பங்களின் பொது வேண்டுகோள்



ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெரம், பெஸ்தாரி ஜெயா, அதற்கும் அப்பால் உலு சிலாங்கூர், சபாக் பெர்ணம் வரை உள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்த குடும்பத்தார் நாங்கள். எங்களில் சிலர் இன்னும் தோட்டத்து வீடுகளில் இருக்கிறோம். பலர் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் போய்விட்டோம். எங்கே போனாலும் ஆண்டுக்கு ஒரு முறை முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் சங்கிலிக் கறுப்பனுக்கும் காளியம்மனுக்கும் பொங்கல் வைக்கத் திரும்பி வருகிறோம். பாட்டன் பூட்டன் கும்பிட்ட சாமிகள் இவை. கோபுரம் இல்லாமல், மரத்தடியில் சூலம் நட்டுக் கும்பிடும் கோயில்களும் எங்களுக்கு உண்டு.

சாரணர் இயக்கம், செயின்ட் ஜான் முதலுதவிப் படை, இளைஞர் மன்றங்கள், லயன்ஸ், ரோட்டரி போன்ற சேவைச் சங்கங்கள் ஆகியவற்றில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைத் தேடினால் ஓரிருவர்தான் தென்படுகிறார்கள். பணமும் பயணத் தொலைவும் பெரிய தடைகள்தாம். ஆனால் அவற்றோடு சேர்ந்த இன்னொரு தடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ‘சேவல் அறுக்கிற கோயிலைச் சேர்ந்தவர்கள்’, ‘சாமியாடுகிற கும்பல்’, ‘உறுமி அடிக்கிற பையன்கள்’ என்று எங்கள் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஒரு முத்திரை விழுந்துவிடுகிறது. அந்த முத்திரையைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். தீமிதித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பையன் ஒருவன் சீருடை இயக்கப் பயிற்சிக்குப் போயிருக்கிறான். காப்பு என்பது மஞ்சள் கிழங்கு வைத்துக் கட்டிய நூல். கொடியேற்றத்தன்று மணிக்கட்டில் ஏறினால், திருவிழா முடிந்து பூசாரி அவிழ்க்கும்வரை இறங்கக் கூடாது. அதுவரை கவிச்சி இல்லை, கட்டில் இல்லை, சாவு வீட்டுக்குப் போவதும் இல்லை. சீருடையோடு கயிறு, வளையம் எதுவும் அணியக் கூடாது என்பது விதி. விதியைச் சொன்னவரிடம் குறை காண முடியாது. ஆனால் “இந்தப் பேய்க் கயிற்றை அறுத்துவிட்டு வா” என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னதுதான் அவனை உறுத்தியது. பையன் அறுக்கவில்லை, அடுத்த வாரத்திலிருந்து பயிற்சிக்குப் போகவும் இல்லை. காப்பின்மேல் வெள்ளைத் துணிப் பட்டை ஒன்றைச் சுற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தால் சீருடையும் கெட்டிருக்காது, விரதமும் கெட்டிருக்காது. அவனும் முதலுதவி கற்றுக்கொண்டிருப்பான்.

நம் நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் உறுதிமொழியாகச் சொல்லும் ருக்குன் நெகாரா 1970 ஆகஸ்டு 31-ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. அதன் முதல் கோட்பாடு இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். எந்த இறைவன், எந்தப் பெயரில், கருவறையிலா மரத்தடியிலா என்று அது கேட்கவில்லை. அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு ஒவ்வொருவரும் தம் சமயத்தைப் பின்பற்ற உரிமை தருகிறது. 10-ஆவது பிரிவு சங்கம் சேரும் உரிமையைத் தருகிறது. சாரணர் வாக்குறுதியிலும் கடவுளுக்குச் செய்ய வேண்டிய கடமை முதலில் வருகிறது. அந்தச் சொற்களைச் சொல்லும்போது எங்கள் பிள்ளை மனத்தில் முனியாண்டியை நினைத்தால் வாக்குறுதியில் என்ன குறைந்துவிடும்? லயன்ஸ் சங்கமோ தன் கூட்டங்களில் கட்சி அரசியலும் சமயப் பிரிவுச் சண்டையும் விவாதிக்கப்படக் கூடாது என்பதைத் தன் நோக்கங்களிலேயே எழுதி வைத்திருக்கிறது.

இந்தக் கேள்வி புதியதன்று. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத்தர் என்பவர் 1863-இல் ஃப்ரீமேசன் சகோதர சங்கத்தில் சேர விரும்பினார். அந்தச் சங்கத்தில் சேர ஒரு பரம்பொருள் மீது நம்பிக்கை வேண்டும். இந்துக்கள் பல தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள், அவர்களை எப்படிச் சேர்ப்பது என்று அங்கிருந்த ஆங்கில அதிகாரிகள் தடை சொன்னார்கள். மனிதர் விடவில்லை. ஒன்பது ஆண்டுகள் வாதாடி 1872-இல் உள்ளே போனார். 1884-இல் அதே கல்கத்தாவில் அந்தச் சங்கத்தில் சேர்ந்த இளைஞர்களில் ஒருவர் நரேந்திரநாத் தத்தர். பின்னாளில் உலகம் அவரை விவேகானந்தர் என்று அறிந்தது. அவருடைய குரு இராமகிருஷ்ணர் கும்பிட்டதும் காளியைத்தான். எங்கள் தோட்டத்துக் கோயில்களில் நிற்பவளும் அவளேதான்.

சாரணர் இயக்கத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. இந்தியாவில் தொடக்கத்தில் அது ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அதை ஏற்காமல் 1916 வாக்கில் சென்னையில் பிரம்மஞான சபையைச் சேர்ந்த அன்னி பெசண்டும் அருண்டேலும் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார்கள். 1921-இல் சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது அந்தச் சங்கமும் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. கதவைத் திறந்ததால் எந்த இயக்கமும் அழிந்துவிடவில்லை.

எங்கள் மக்களுக்குச் சங்கமும் அணிவகுப்பும் தெரியாது என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. எங்கள் பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. நட்ட துரை ஹென்றி ஃபோகோனியே பெயர் புத்தகங்களில் இருக்கிறது. குழி வெட்டியவர்கள், களை எடுத்தவர்கள், குலை சுமந்தவர்கள் பெயர் எதிலும் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் மற்ற இடங்களுக்கும் பரவிய தோட்ட வேலைநிறுத்தத்தில், அதற்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதனோடு நின்றவர்கள் பால்மரம் வெட்டியவர்களே. கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க மாட்டோம் என்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வந்தபின், தோட்டத்துக் காலை வரிசையான பெரட்டுக்கு நின்று பழகிய தோட்டத்து இளைஞர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் நின்றார்கள். தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை சீருடை அணிந்து கள்ளுக்கு எதிராக அணிவகுத்தது. இவர்களில் பலர் தங்கள் ஊர்ச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே வந்து சேர்ந்தவர்கள்தாம்.

இன்றும் எங்கள் கோயில் வாசலுக்கு வந்து பாருங்கள். திருவிழா அன்று பூக்குழியைச் சுற்றி வாளியோடு நிற்பவர்கள் யார்? குழியின் மறுகரையில் பாலும் மஞ்சள் நீரும் நிறைந்த பள்ளத்தருகே நின்று, மிதித்து வருகிறவர்களை விழாமல் தோளில் தாங்குகிறவர்கள் யார்? அரிசி மூட்டை தூக்குவதும், அண்டாவில் சாம்பார் கிண்டுவதும், கார்களுக்கு வழி காட்டுவதும், எல்லாம் முடிந்தபின் நள்ளிரவில் வாழையிலை பொறுக்குவதும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். கூலி இல்லாமல், சான்றிதழ் இல்லாமல் செய்கிறார்கள். செம்பனை ஏற்ற வரும் சீன லாரி ஓட்டுநர் முனியாண்டிக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் போகும்போது, அவருக்கும் ஓர் இலை போட்டுச் சோறு வைக்கிறார்கள். சேவைச் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களிடம் எதிர்பார்க்கும் குணம் இவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பயிற்சியும் துணையும்தான் வேண்டும்.

உறுமிக் குழுக்களில் குண்டர் கும்பல்கள் நுழைந்துவிடும் என்ற அச்சத்தையும் நாங்கள் ஒதுக்கித் தள்ளவில்லை. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. கும்பல் எண் பொறித்த சட்டைகள் சில ஊர்வலங்களில் நுழைந்ததும் உண்மை. அப்படி வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்த வேண்டியது கோயில் நிர்வாகத்தின் பொறுப்பு. எங்கள் கோயில்களில் அதைச் செய்வோம் என்று உறுதி சொல்கிறோம். அதே வேளையில் ஒன்றைக் கேட்கிறோம். உறுமி பிடித்த பையன்கள் எல்லோரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துப் பார்க்காதீர்கள். வாரத்தில் மூன்று மாலை கூடி, தாளம் தப்பாமல் பயிற்சி செய்து, மூத்தவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்கும் பதினைந்து பையன்கள் ஓர் இளைஞர் அமைப்பு இல்லையென்றால் வேறு எது இளைஞர் அமைப்பு? அவர்களை நீங்கள் அழைக்காவிட்டால் வேறு ஆள்கள் அழைப்பார்கள். அந்த ஆள்கள் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள், மருத்துவமனைச் செலவு கொடுக்கிறார்கள், அண்ணன் தம்பி என்று கூப்பிடுகிறார்கள். சகோதரத்துவத்துக்கு ஏங்கும் வயது அது.

நம் தமிழ், இந்து அமைப்புகளுக்கு உரிமையோடு ஒரு சொல். பெரியார் 1929-இலும் 1954-இலும் மலாயா வந்தபோது பேசியது முதல், 1965-இல் தோன்றிய மலேசிய இந்து சங்கம் இன்றுவரை சொல்லி வருவது வரை, எங்கள் வழிபாட்டைத் திருத்தும் முயற்சி நீண்டது. தமிழ் முரசு நாளிதழ் வளர்த்த மாணவர் மணிமன்றத்திலிருந்து கிளைத்த மன்றங்கள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேச்சும் நாடகமும் நூலகமும் தந்தன. அந்தக் கடனை மறக்க மாட்டோம். உயிர்ப் பலியைப் பற்றி எங்கள் குடும்பங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. சேவலை விட்டுச் சாம்பல் பூசணிக்கு மாறிய கோயில்களும் உண்டு, மாறாதவையும் உண்டு. அந்த விவாதம் நடக்கட்டும். ஆனால் முதலில் உன் சாமியைத் திருத்து, பிறகு சேர்த்துக்கொள்கிறோம் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். பெருந்தெய்வத்தைக் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளையை அப்படி யாரும் கேட்பதில்லையே.

எங்கள் சொந்த உறவுகளே, அண்ணன்மார்களே, அக்காமார்களே, உங்களிடமும் கேட்கிறோம். “நமக்கெதுக்குப்பா அந்த வெள்ளைக்காரன் சங்கமெல்லாம்” என்று பிள்ளையைத் தடுக்காதீர்கள். அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்விக்கு என்றால் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. சீருடை இயக்கத்தில் சேராத பிள்ளை அங்கேயே சில புள்ளிகளை இழந்து நிற்கிறது. அந்தப் புள்ளிகளைவிடப் பெரிய லாபமும் உண்டு. பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும், செய்யக் கூடாது என்று தெரிந்த ஒரு பெண் பிள்ளை செம்பனைக்காட்டு ஓரத்து வீட்டில் இருந்தால் அது ஓர் உயிரைக் காக்கும்.

பெண் பிள்ளைகள் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அடுத்தவர் வாசலைத் திறக்கச் சொல்லும் நாம் நம் வாசலை எப்படி வைத்திருக்கிறோம்? கோயில் நிர்வாகக் குழுவில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? கோலம் போடவும் பொங்கல் வைக்கவும் மட்டும் அவர்களைக் கூப்பிடுகிறோம். இன்ன குடும்பத்தார்தான் கரகம் எடுக்கலாம், இன்ன சாதியார் சூலத்தைத் தொடக் கூடாது என்கிற பேச்சு சில இடங்களில் இன்னமும் காதில் விழுகிறது. துரையும் கிராணியும் கங்காணியும் அத்தனை பேரையும் ஒரே வரிசையில் வைத்து வேலை வாங்கிய மண்ணில் இந்தப் பிரிவினை எதற்கு? இதை விடாதவரை நம் வேண்டுகோளுக்கு வலு இருக்காது.

பதிவு என்பதும் முக்கியம். நம் உறுமி மேளக் குழுக்களும் கோயில் இளைஞர் குழுக்களும் பெரும்பாலும் வாய்மொழியாகவே இயங்குகின்றன. சங்கச் சட்டம் 1966-இன் கீழ் ஏழு பேர் இருந்தால் ஒரு சங்கமாகப் பதியலாம். இளைஞர் அமைப்புகளுக்கென்று 2007-ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் இருக்கிறது. 2019-இல் செய்த திருத்தம் இளைஞருக்கான உச்ச வயதை 40-இலிருந்து 30-ஆகக் குறைத்தது. ஐம்பது வயது அண்ணன் தலைவராக இருந்து இளைஞர் அணி நடத்தும் காலம் போய்விட்டது. பிள்ளைகளிடமே பொறுப்பைக் கொடுங்கள். பதிவு இருந்தால் வங்கிக் கணக்கு இருக்கும், வரவு செலவு இருக்கும். லயன்ஸோ ரோட்டரியோ கைகோத்து நிகழ்ச்சி நடத்த வந்தால் பேச ஒரு முகவரி இருக்கும்.

சேவைச் சங்கங்களின் வட்டாரப் பொறுப்பாளர்களே, பள்ளிச் சீருடை இயக்க ஆசிரியர்களே, இளைஞர் மன்றத் தலைவர்களே, உங்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். உறுப்பினர் சேர்க்கையில் எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள். முகாமில் விரதப் பிள்ளைக்குச் சைவச் சாப்பாட்டுக்கு வழி செய்யுங்கள். காப்புக் கட்டிய கைக்குத் துணிப் பட்டை சுற்ற அனுமதி கொடுங்கள். திருவிழாக் காலத்தில் பயிற்சிக்கு வர முடியாமல் போனால், காரணத்தைக் கேட்டுவிட்டு விடுப்புக் கொடுங்கள். திருநீறோ குங்குமமோ நெற்றியில் இருந்தால் கேலி செய்யும் மற்றப் பிள்ளைகளை உடனே கண்டியுங்கள். எங்கள் பகுதியில் இரத்த தான முகாமோ கண் பரிசோதனையோ நடத்த இடம் வேண்டுமென்றால் கோயில் மண்டபத்தைத் தருகிறோம். மேசை நாற்காலி போட, ஆள்களைத் திரட்ட எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். வருகிறவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் சரி.

ஆடி மாதம் பிறந்தால் எங்கள் கோயில்களில் கூழ் ஊற்றத் தொடங்குவோம். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் உறுப்பினர்கள் நால்வரை அனுப்பி வையுங்கள். திருவிழாவுக்கான முதலுதவிப் பயிற்சியிலிருந்து தொடங்கலாம். இடத்தையும் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளையும் நாங்கள் ஆயத்தமாக வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கோலசிலாங்கூர், வட சிலாங்கூர் தோட்டக் கோயில் குடும்பத்தார்