"ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம்"



கோப்பாயில் தோட்டம் என்றால் வெங்காயமும் வாழையும். மலையகத்தில் தேயிலை. ஆனால் நீதிமன்ற வாசலில் இரு இடத்து நாட்கூலிக்காரருக்கும் ஒரே யோசனைதான் கிடைக்கிறது: "குற்றத்தை ஒப்புக்கொள், தண்டப்பணத்தோடு முடிந்துவிடும்."

செய்யாத குற்றத்தையும் ஏன் ஒப்புக்கொள்கிறார்கள்? வழக்காடினால் ஒவ்வொரு தவணைக்கும் ஒருநாள் பேர் போகும். பஸ் காசு, சட்டத்தரணிக்குக் காசு. பிணை நிற்க ஆளில்லாவிட்டால் விளக்கமறியல். குற்றமற்றவர் என்று காட்டுவதற்குத்தான் கூடுதல் செலவு! ஒப்புக்கொண்ட பிறகும் தண்டப்பணம் கட்ட முடியாமல் சிறைக்குப் போகிறவர்கள் ஏராளம்.

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நிலைமை இன்னும் மோசம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் கொடுத்த வாக்குமூலமே சாட்சியம். வற்புறுத்தி வாங்கியது என்று நிரூபிக்க வேண்டியது கைதியின் பாடு. மட்டக்களப்பில் 1993இல் கைதான நல்லரத்தினம் சிங்கராசா, சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வைத்தார். 1995இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் சொன்னது.

இப்படிப்பட்ட தண்டனையைக் கண்டபின், ஆண்டுக்கணக்காக அடைபட்டிருப்பவரிடம் "ஒப்புக்கொண்டால் குறைத்துத் தருவோம்" என்பது பேரமா? சம்பளப் பேச்சில் நம் கையில் வேலைநிறுத்தம் இருக்கிறது. கூண்டில் நிற்பவர் கையில் என்ன இருக்கிறது?

பெரிய இடத்துக்கு வேறு வழி உண்டு. 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம், நிபந்தனைகளுக்கு உடன்படுபவர் மீதான வழக்கை ஒத்திவைக்க இடம் கொடுக்கிறது.

உண்மையில் தவறு செய்தவர் ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை பெறுவதை நாம் எதிர்க்கவில்லை. இந்தியாவில் 2006இல் இப்படியான பேரம் சட்டமானது. அங்கே குற்றஞ்சாட்டப்பட்டவரை நீதிபதி தனியாக அழைத்து, மனமொப்பித்தான் வந்தாரா என்று கேட்டறிய வேண்டும். இங்கும் அது வேண்டும், அவரவர் மொழியில் வேண்டும். தண்டப்பணமும் வருமானத்தைப் பார்த்து விதிக்கப்பட வேண்டும்.

அதுவரை, வழக்கில் மாட்டியவர்கள் "ஓம்" சொல்லும் முன் தோட்டத் தலைவரிடமோ சட்ட உதவி ஆணைக்குழுவிடமோ பேசுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் பொலிஸ் எழுதிய தாளில், வாசித்து விளங்கப்படுத்தும் வரை கையெழுத்து வைக்காதீர்கள்.