புளிப்புக்கு விலை வைப்பது யார்?

ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் அங்கே பெல்ஜியத்துப் பியர் ஒன்று குடித்த கதையைச் சொன்னான். சம்பெய்னுக்குப் போடுகிற தடித்த போத்தல், தக்கை மூடி, மற்றப் பியரைவிடப் பல மடங்கு விலை. வாயில் வைத்தால் ஒரே புளி.

"புளிச்சுப் போனதைத் தந்து ஏமாத்திப் போட்டாங்களோ?"

"இல்லை மச்சான், அந்தப் புளிப்புக்குத்தான் காசு."

பரந்தன் பக்கத்துத் தவறணை எதிலும் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே காலையில் இறக்கிய உடன்கள்ளுக்குத்தான் மவுசு. பொழுது ஏற ஏற அது புளிக்கும், மதிப்பும் இறங்கும். மறுநாளுக்கு மிஞ்சியதை வினாகிரிக்கு விடலாம். ஒரே புளிப்பு அங்கே விலையை ஏற்றுகிறது, இங்கே இறக்குகிறது. காரணத்தைத் தேடினால் கதை பிரசல்ஸில் தொடங்கிப் பூநகரியில் வந்து நிற்கிறது.

பிரசல்ஸிலும் அதை அடுத்த சென் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் காய்ச்சும் லாம்பிக் என்ற பியருக்கு யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. கோதுமையும் பார்லி மோல்ட்டும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை அகன்ற, ஆழமில்லாத தொட்டியில் ஓர் இரவு திறந்தபடி ஆறவிடுவார்கள். காற்றில் வரும் நுண்ணுயிர்கள் அதில் குடியேறும். வெயில் காலத்தில் கெடுக்கும் கிருமிகள் மிகும் என்பதால் குளிர் மாதங்களில் மட்டுமே காய்ச்சுவார்கள். பிறகு சாறு ஓக் மரப் பீப்பாவுக்குள் போய்ப் படுத்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று வயதான லாம்பிக்குகளைக் கலந்து போத்தலில் அடைத்தால் அதன் பெயர் கூஸ். 1900இல் தொடங்கிய கன்டியோன் ஆலை இன்றும் இப்படித்தான் செய்கிறது.

இனிக் கணக்கைப் பார்க்கலாம். சாதாரண லாகர் சில கிழமைகளில் கடைக்குப் போய்க் காசாகிவிடும். கூஸுக்குப் போட்ட முதல் மூன்று வருடம் வரை பீப்பாவுக்குள் முடங்கிக் கிடக்கிறது. மரத்தினூடாக வருடாவருடம் கொஞ்சம் ஆவியாகிறது. சில பீப்பாக்கள் கெட்டு வடிகானுக்குப் போகின்றன. மரத்தில் ஊறிய காட்டு ஈஸ்ட்டை முற்றாகக் கழுவி எடுக்க முடியாது. அதனால் மற்றப் பியரும் செய்கிற ஆலை, புளிப்புக்கென்று தனிக் குழாயும் தனிப் பம்பியும் வைக்கவேண்டும். செர்ரி போட்டுக் கிரீக் என்ற வகையைச் செய்வதென்றால் லீற்றருக்கு ஏறத்தாழ 200 கிராம் பழம் வேறு. இவ்வளவும் போத்தலின் விலையில் ஏறுகிறது.

புளிப்புப் பியர் எல்லாமே இப்படிக் காத்திருந்து வருவதில்லை. கொதிகலத்திலேயே லக்டோபசிலஸ் பற்றீரியாவை விட்டு, ஓரிரு நாளில் புளிக்கவைத்து, திரும்பக் கொதிக்கவைத்து அதைக் கொன்றுவிடும் முறையும் உண்டு. செலவு குறைவு, சில கிழமைகளில் விற்பனை. பீப்பாவில் கிடந்ததைவிட அது மலிவாகவும் இருக்கவேண்டும். இல்லையென்றால் பீப்பாக்காரன் சம்பாதித்த பெயரை விற்கிறார்கள் என்று அர்த்தம்.

எங்கள் கள்ளுக்கும் ஈஸ்ட் யாரும் போடுவதில்லை. பாளையிலிருந்து முதல் துளி முட்டியில் விழுந்ததுமே நுரைக்கத் தொடங்கிவிடும். முந்தின நாள் கள்ளின் வண்டலில் ஈஸ்ட் ஏற்கனவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேகத்தில்தான் வித்தியாசம். லாம்பிக்கில் சாதாரண ஈஸ்ட்டால் செரிக்க முடியாத மாச்சீனித் துண்டுகள் நிறைய உண்டு. பிரெட்டனோமைசிஸ் போன்ற காட்டு ஈஸ்ட்டுகள் குளிர்ந்த நிலவறையில் மாதக்கணக்காக அதைக் கொறிக்கின்றன. பனஞ்சாற்றில் இருப்பதோ கரும்பில் உள்ள அதே எளிய சீனி. வன்னி வெயிலில் ஒரு பகலுக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். முட்டியின் வாய் திறந்திருப்பதால் காற்றும் தாராளம். மதுவை அசற்றிக் அமிலமாக்கும் பற்றீரியாவுக்கு வேண்டியதும் அதுதான். மூடிய பீப்பாவில் அதற்கு அவ்வளவு காற்றுக் கிடைப்பதில்லை.

ஆகவே கள்ளு விற்பவருக்குப் பொழுதே எதிரி. பின்னேரத்துக்குள் விற்றாகவேண்டும் என்பது வாங்குகிறவனுக்கும் தெரியும். காத்திருக்க முடிந்தவன் விலை சொல்கிறான். முடியாதவன் கேட்ட விலைக்குக் கொடுக்கிறான்.

இதை எங்கள் ஆட்கள் அறியாமல் இல்லை. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிப்பு நின்று கருப்பநீர் கிடைக்கும்; அதைக் காய்ச்சிய பனங்கட்டி மாதக்கணக்கில் இருக்கும். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைச் சூடாக்கிப் போத்தலில் அடைக்கக் கற்றுக்கொண்டதும், வடமராட்சித் திக்கத்தில் வடிசாலை கட்டிப் பனஞ்சாராயம் வடித்ததும் அதே பொழுதை வெல்லத்தான்.

ஆனாலும் எங்கள் கணக்கில் ஒரு பெரிய செலவு எழுதப்படுவதே இல்லை. பெல்ஜியக்காரனின் மூன்று வருடம் பீப்பாவில் இருக்கிறது, எங்கள் வருடங்கள் மரத்தில் இருக்கின்றன. வடலி பாளை விடப் பதினைந்து, இருபது வருடம் வேண்டும். பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்று சும்மாவா சொன்னார்கள்? போரில் ஷெல்லுக்குத் தலை போனதும், பங்கர் மூடத் தறித்ததுமாகப் போன பனைகளுக்குக் கணக்கில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு முளைத்த வடலிகள் இப்போதுதான் பாளை விடும் வயதை நெருங்குகின்றன. அந்தக் காத்திருப்போடு, ஒரு மரத்தில் நாளுக்கு இரண்டு தரம் தளைநாரோடு ஏறி இறங்கும் உடம்பும், விழுந்தால் முறியும் முள்ளந்தண்டும் சேர்ந்துதான் ஒரு பிளா கள்ளு. சீவல் தொழிலைச் சாதியோடு கட்டிவைத்து, தவறணைக்குப் போகிறவனையும் கீழே பார்த்துப் பழகிய சமூகம் இந்தச் செலவுகளை விலையில் சேர்க்க ஒருநாளும் விரும்பியதில்லை. மலிவுக்குப் பொழுது பாதிக் காரணம் என்றால் மிச்சக் காரணம் நாங்கள்.

'பழைய கூஸ்' என்ற பெயரை ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. மூன்று வயது லாம்பிக் கலக்காத பியரில் அந்தப் பெயரை ஒட்ட முடியாது. எங்கள் போத்தல் கள்ளிலும் எந்த ஊர்ப் பனை, எந்த மாதம் சீவியது என்று எழுதலாமே. பூநகரி மணலில் நின்ற பனையின் மாசிக் கள்ளு என்று வாசித்துவிட்டு ரொறன்ரோவில் கூடக் காசு கொடுக்க ஆள் இருக்கும். என் மச்சானே கொடுப்பான். அப்படி விலை ஏறினால் சங்கம் முதலில் உயர்த்தவேண்டியது மரம் ஏறுகிறவரின் பங்கை.