பழுதென்று ஒதுக்கப்பட்ட மடிக்கணினி



சென்ற கோடை விடுமுறையில் நம் பங்கைச் சார்ந்த ஒருவர் தம் மகளோடு நம்மிடம் வந்தார். கையில் 2007-ஆம் ஆண்டு மடிக்கணினி ஒன்று, உறவினர் கொடுத்தது. மகள் கல்லூரியில் சேர வேண்டியவள். புதியது வாங்க வசதியில்லை. டெபியன் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவ முயன்றபோது, நெட்வொர்க் கார்டைக் கண்டறியும் கட்டத்தில் வேலை நின்றுவிட்டதாம். பழுது பார்ப்பவரோ, கார்டு செத்துவிட்டது என்று தீர்ப்பளித்துவிட்டார். "தூக்கிப் போட்டுடலாமா, சாமி?" என்றார் தந்தை. மகள் ஒன்றும் பேசவில்லை.

திரையில் தோன்றிய செய்தியை நாம் நிதானமாக வாசித்தோம். கார்டு இல்லை என்று அது கூறவில்லை. 'பி43' எனத் தொடங்கும் சில கோப்புகள் இல்லை என்றே கூறிற்று. இவ்விரண்டும் ஒன்றல்லவே!

இத்தகைய கார்டு ஒவ்வொன்றும், அதைச் செய்த நிறுவனத்தின் எண்ணையும் தன் சொந்த எண்ணையும் தாங்கியிருக்கும். (இன்டெல் நிறுவனத்தின் எண் 8086, 1978-இல் அது வெளியிட்ட சில்லின் பெயரும் அதுவே.) அவ்வெண்களைக் கொண்டே இயங்குதளம் தக்க டிரைவரைத் தேர்ந்துகொள்கிறது. நம்முன் இருந்த பிராட்காம் பிசிஎம்4311 வைஃபை கார்டும் தன் எண்ணைச் சரியாகவே தெரிவித்திருந்தது. ஆயினும் அது செய்ய வேண்டிய வேலையைக் கற்பிக்கும் ஃபர்ம்வேர் அதனுள் நிலையாகப் பதிந்திருப்பதில்லை. கணினியை இயக்கும்போதெல்லாம் டிரைவரே அதை ஊட்டியாக வேண்டும்.

2022-இல் டெபியன் அன்பர்கள் வாக்கெடுத்து, 2023 ஜூனில் வெளிவந்த 12-ஆம் பதிப்பு முதல் பல கார்டுகளின் ஃபர்ம்வேரை நிறுவல் வட்டிலேயே சேர்த்தனர். இக்கார்டுக்கு உரியதைச் சேர்க்க இயலவில்லை; பிறர் பகிர்ந்தளிக்க அதற்கு உரிமம் இல்லை. ஆகவே, உற்பத்தியாளரின் பழைய டிரைவரை இணையத்திலிருந்து இறக்கி, வேண்டிய பகுதியை வெட்டியெடுக்கும் தொகுப்பு ஒன்றை வைத்திருக்கிறார்கள். இணையம் பெறுவதற்கே இணையம் வேண்டும்! கிணற்றில் விழுந்த கயிற்றை எடுக்க இன்னொரு கயிறு தேடும் நிலைதான்.

அந்த இன்னொரு கயிறு தந்தையின் சட்டைப் பையில் இருந்தது. அவருடைய ஆண்ட்ராய்டு கைப்பேசியை டேட்டா கேபிளால் இணைத்து, யுஎஸ்பி டெதரிங்கை இயக்கச் சொன்னோம். நிறுவியில் பின்சென்று, நெட்வொர்க் கருவிகளைக் கண்டறியும் கட்டத்தை மீண்டும் தேர்ந்தோம். விடுபட்ட கோப்புகளை வேறிடத்திலிருந்து ஏற்றவா என்று கேட்டபோது, வேண்டாம் என்றோம். உடனே கைப்பேசி ஒரு கம்பி நெட்வொர்க்காகத் தோன்றியது. நிறுவல் தங்குதடையின்றி முடிந்தது. (லேன் கேபிள் உள்ள வீட்டில் அதுவே போதும்.)

பிறகு தொகுப்பு மூலங்களில் 'கான்ட்ரிப்' பிரிவைச் சேர்த்து, 'ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்' தொகுப்பை நிறுவினோம். பிசிஎம்4312 வகையில் சிலவற்றுக்கு வேறு தொகுப்பு உண்டு. எனவே 'எல்எஸ்பிசிஐ' கட்டளையால் எண்ணை முதலில் பார்த்துக்கொள்வது நன்று. இன்னுமொன்று: 2025-இல் வெளிவந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கு நிறுவி கிடையாது. இக்கணினி 64 பிட் வகையாக இருந்தது நம் நற்பேறு.

மறுமுறை இயக்கியதும், அண்டை வீடுகளின் வைஃபை பெயர்கள் வரிசையாகத் திரையில் வந்தன. அப்பெண் முதன்முறையாகச் சிரித்தாள். அங்கேயே அமர்ந்து கல்லூரி விண்ணப்பத்தையும் நிரப்பினாள். பேட்டரி மட்டும் அரைமணி நேரமே தாங்குகிறது. அதற்கு மலிவாக ஏதேனும் கிடைக்குமா என்று விசாரித்து வருகிறோம்.